மொடல் கிட்டில் சின்னப் பாகம் தொலைந்ததா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

விமானம், பீரங்கி வண்டி போன்றவற்றின் சின்ன உருவைப் பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிக் கட்டும் பெட்டிதான் மொடல் கிட். அதில் ஒரு பாகம் தொலைந்தவுடன் எல்லாரும் கேட்பது, ‘இதை எதில் செய்யலாம்?’ என்று. முதலில் கேட்க வேண்டியது, ‘இது எத்தனை மில்லிமீற்றர்?’ என்றுதான். அளவு சரியென்றால் ஊசிக் குழாயும் யோகட் கப்பும் பெயின்ற் அடித்தபின் பெட்டியோடு வந்த பாகம் போலவே நிற்கும். அளவு பிசகினால் அசல் பிளாஸ்ரிக்கில் செய்ததும் கண்ணில் குத்தும். வீட்டில் செய்யும் பாகங்களில் அடிக்கடி வரும் பிழை ஒன்றே ஒன்று: தடிப்புக் கூடிப்போவது.

கணக்குச் சின்னக் கணக்குத்தான். உண்மை அளவை ஸ்கேலின் கீழ் எண்ணால் (1/35 என்றால் 35 ஆல்) வகுக்க வேண்டும். 14 மி.மீ. தடிப்பான கைபிடிக் கம்பி 1/35 இல் 0.4 மி.மீ. அதே கம்பி 1/72 இல் 0.2 மி.மீ. கூட வராது. உண்மை அளவு தெரியாவிட்டால் கிட்டோடு வந்த பெயின்ற் வரைபடம் உதவும். ஆனால் அது பெரும்பாலும் மொடலின் அளவில் அச்சாகியிருக்காது. மொடலின் இறக்கையையும் வரைபட இறக்கையையும் அளந்து விகிதம் எடுங்கள். ஸ்பிற்ஃபயர் மார்க் 1 போர்விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீற்றர், 1/72 இல் 156 மி.மீ. வரைபடத்தில் அது 117 மி.மீ. இருந்தால் விகிதம் முக்கால். வரைபடத்தில் 6 மி.மீ. உள்ள பாகத்தை 8 மி.மீ. ஆக வெட்ட வேண்டும். வழிமுறைத் தாளின் கட்டப் படங்களை மட்டும் நம்பக்கூடாது. அவை சாய்த்து வரைந்தவை, நீளம் பொய் சொல்லும்.

சாமணத்தில் பிடித்த பாகம் ‘டிங்’ என்று பாய்ந்துவிட்டது

எழும்பாதீர்கள். பாகம் பாதிநேரம் மடியில்தான் இருக்கும். சாரம் கட்டியிருந்தால் அதன் மடிப்புத்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். எழும்பி உதறினால் இரண்டாவது தடவையும் தொலைந்துவிடும். அந்த இடத்திலிருந்தே ஒருவரைக் கூப்பிட்டு ஃபானை நிறுத்தச் சொல்லுங்கள். மடி, கதிரை, மேசை விளிம்பு, கை மடிப்பு என்று பார்த்த பிறகுதான் நிலத்துக்கு இறங்க வேண்டும்.

நிலத்தில் ரோச் லைற்றை மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. ரோச்சைச் சீமெந்தில் படுக்கவைத்து மெல்ல உருட்டுங்கள். அரை மில்லிமீற்றர் பாகத்துக்கும் விரல் நீளத்துக்கு நிழல் விழும். பாய் விரித்திருந்தால் அதைத் தூக்கி உதறாமல், மாஸ்கிங் ரேப்பைப் பசைப்பக்கம் வெளியே வரும்படி கையில் சுற்றி ஒற்றி எடுங்கள். தும்புத்தடி வேண்டாம். பாகம் தும்புக்குள் சிக்கினால் அடுத்த நாள் முற்றத்துக்குப் போய்விடும்.

இவ்வளவுக்கும் அகப்படாவிட்டால் அறையை மெல்லிய தூரிகையால் கூட்டி, குப்பை முழுவதையும் ஒரு வெள்ளைத் தட்டத்தில் சேருங்கள். எங்கள் வீடுகளில் கூட்டினால் பாதி மணல்தான் வரும். அதில் சாம்பல் நிறப் பாகத்தைக் கண்ணால் தேடுவது வீண்வேலை, உப்புத் தண்ணீர் தேடித் தரும். கிட்டுகளின் பொலிஸ்ரைரீன் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் பாரம். அடர்த்தி ஏறத்தாழ 1.05. முதலில் வெறும் தண்ணீரில் குப்பையைப் போட்டு, ஒரு துளி பாத்திரச் சவர்க்காரம் விட்டுக் கலக்குங்கள். தும்பு, மயிர், பஞ்சு எல்லாம் மிதக்கும். அதை வழித்து எறியுங்கள். பாகமும் மணலும் அடியில் கிடக்கும். அந்தத் தண்ணீரை ஒரு துணியால் வடித்துவிட்டு, ஒரு லீற்றருக்கு 150 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். அதன் அடர்த்தி 1.09 அளவில் வரும். மணல் அப்படியே கிடக்க, பாகம் மேலே எழும்பும். சவர்க்காரம் விடாமல் செய்தால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு மணலும் சில வேளை மிதக்கும், குழப்பும். பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்கு இந்த வித்தை சரிவராது, அவை மணலோடுதான் கிடக்கும். கிடைத்த பாகத்தை நல்ல தண்ணீரில் அலசாமல் பெயின்ற் அடிக்க வேண்டாம்.

பாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் கை நடுக்கமல்ல, சாமணம். நுனிகள் நேருக்கு நேர் சந்திக்காமல் கத்தரிபோல் விலகினால் உருண்டைப் பாகம் சுழன்று பாயும். நுனியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் மெல்லிய எண்ணெய்க்கல்லில் தீட்டிச் சமப்படுத்தலாம், அல்லது யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டிப் பக்கம் நகைவேலைச் சாமான் விற்கும் கடையில் ஒன்று வாங்கலாம். பொடிக்கல் பிடிப்பதற்கென்று செய்த சாமணம் மொடலுக்கும் பொருந்தும். பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்புரூச் சட்டத்திலிருந்து சின்னப் பாகத்தை வெட்டும்போது கை இரண்டையும் தெளிவான பொலித்தீன் பைக்குள் விட்டு வெட்டினால், பாய்ந்தாலும் பையைவிட்டுப் போகாது.

பெட்டி திறந்தபோதே பாகம் இல்லை

சட்டத்தில் பாகத்தின் இலக்கத்தைப் பாருங்கள். வெட்டிய காயம் இருந்தால் பை மூலைக்குள் கழன்று கிடக்கும். காயமே இல்லாமல் பாகம் அரைகுறையாக நின்றால் அச்சில் பிளாஸ்ரிக் நிரம்பாத குறை. இரண்டாவதற்குத் தயாரிப்பாளரிடம் கேட்கலாம். ரெவெல் நிறுவனத்துக்கு இதற்கென்றே ‘அப்ரைலுங் எக்ஸ்’ என்ற பிரிவு உண்டு. கேட்கும்போது கிட் இலக்கம், சட்டத்தின் எழுத்து, பாக இலக்கம், குறையின் படம் நான்கும் வேண்டும். ரொறன்ரோ மாமா அனுப்பிய பெட்டிக்குச் சுங்கமும் தபால் செலவும் சேர்த்துக் காத்திருப்பதைவிட, விரல்நக அளவுப் பாகத்தைச் செய்துவிடுவதே மேல் என்பது எங்கள் எண்ணம்.

அதற்கு முன்பு வழிமுறைத் தாளில் நிழலடித்துக் காட்டிய பாகங்களைப் பாருங்கள். ஒரே அச்சில் பல வகை விமானம் வருவதால் பாவிக்காத சில்லு, புகைக்குழாய், அன்ரெனா எல்லாம் சட்டத்திலேயே மிஞ்சிக் கிடக்கும். தேவையான பாகத்தை அதிலிருந்து வெட்டிச் சீவலாம்.

கம்பிபோன்ற பாகம் போய்விட்டது: அன்ரெனா, பிற்றோ குழாய் (விமானத்தின் வேகம் அளப்பது), கைபிடி, துப்பாக்கிக் குழல்

மெல்லியதாகவும் வளையக்கூடியதாகவும் வேண்டுமென்றால் ஸ்புரூச் சட்டத்தையே இழுத்து எடுக்கலாம். 10 சென்ரிமீற்றர் நேரான துண்டை வெட்டுங்கள். மெழுகுதிரிச் சுடர் நுனிக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நடுப்பகுதியைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். முதலில் மேற்பரப்பு பளபளக்கும். பிறகு நடு தொய்யும். தொய்ந்தவுடன் சுடரைவிட்டு வெளியே எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு இழுங்கள். மெல்ல இழுத்தால் தடித்த கம்பி, சட்டென்று இழுத்தால் மயிர்போன்ற கம்பி. கைகளை அப்படியே பத்து விநாடி விறைப்பாக வைத்திருக்க வேண்டும்.

அறுந்துபோனால் சூடு கூடிவிட்டது, அல்லது சுடருக்குள் வைத்தே இழுத்துவிட்டீர்கள். சுருண்டால் ஆறுமுன் கையை விட்டதுதான் காரணம். கறுத்தால் சுடர் தொட்டிருக்கிறது. ஒருபக்கம் தடித்து ஒருபக்கம் மெலிந்து வந்தால் உருட்டவில்லை. நான்கைந்து தடவை இழுத்தால்தான் வேண்டிய அளவு ஒன்று வரும். மிச்சத்தை எறியாமல் தடிப்பின்படி பேனாக் குழாய்களில் போட்டு வைக்கலாம்.

வேணியர் அளவுகருவி இல்லாதவர்கள் தடிப்பை இப்படி அளக்கலாம்: கம்பியைப் பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கிச் சுற்றி, சுற்றின் அகலத்தை அடிமட்டத்தால் பாருங்கள். 5 மி.மீ. என்றால் கம்பி 0.5 மி.மீ.

கைபிடிகளுக்குச் செப்புக் கம்பிதான் நல்லது, வளைத்த வளைவில் நிற்கும். 0.75 சதுர மி.மீ. ஃபிளெக்ஸ் வயரை உரித்தால் பெரும்பாலும் 0.2 மி.மீ. இழைகள் 24 கிடைக்கும். ஒரு அடி வயர் பல மொடலுக்குப் போதும். ஏரியல் கம்பிக்குக் குருநகரிலோ பாசையூரிலோ வலைச்சாமான் கடையில் இருப்பதிலேயே மெல்லிய தங்கூசி (நைலோன் நூல்) கேளுங்கள்.

குழல் வேண்டுமென்றால் ஊசிதான். ஆஸ்பத்திரி வீதி மருந்துக் கடைகளில் புது ஊசியின் அடிப்பிடி நிறத்தைச் சொல்லி வாங்கலாம். நிறம் பார்த்தாலே வெளித்தடிப்புத் தெரியும். ஊசியின் இலக்கம் 18 என்றால் இளஞ்சிவப்பு, 1.2 மி.மீ.; அப்படியே 21 பச்சை 0.8, 22 கறுப்பு 0.7, 23 நீலம் 0.6, 25 செம்மஞ்சள் 0.5, 27 சாம்பல் 0.4. முப்பதாம் இலக்கம் 0.3, அது மஞ்சள், ஆனால் 0.9 மி.மீ. உள்ள இருபதாம் இலக்கமும் மஞ்சள் என்பதால் இலக்கத்தையும் சொல்லுங்கள். பெரும்பாலும் 23 இற்குள் 30 நுழையும், 18 இற்குள் 21 இறுக்கமாக நுழையும். படிப்படியாக மெலியும் பிற்றோ குழாயும் பீரங்கிக் குழலும் இதில் அச்சொட்டாக வரும்.

ஊசியைச் சைட் கட்டரால் வெட்டினால் வாய் நசுங்கி ஓட்டை மூடிவிடும். முக்கோண அரத்தால் சுற்றிவர ஒரு கீறல் போட்டு, இரண்டு குறட்டால் பிடித்து ஒடியுங்கள். முதலில் கூர்முனையை ஒடித்து மூடியுள்ள போத்தலில் போட்டுவிட வேண்டும். அது கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பாவித்த ஊசி எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

சோடியில் ஒன்று இருக்கிறது, மற்றது இல்லை

சில்லு, புகைக்குழாய், ஆசனம் போன்றவற்றுக்கு மிச்சமிருப்பதை வைத்து அச்செடுக்கலாம். ஆனால் முதலில் அதைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். உருவம் மாறினால் அது இடது வலது உள்ள பாகம்; அச்செடுத்தால் இரண்டு இடதுதான் கிடைக்கும். பாதி நாளை வீணாக்கிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அச்சுக்கு இரும்புச்சாமான் கடையில் விற்கும் சிலிக்கன் சீலன்ற் போதும். வினாகிரி மணம் வீசும் வகையாக இருக்க வேண்டும், மணமற்ற வகை சரியாக இறுகாது. சீலன்ற் ஒரு பங்கு, கோர்ன்ஃபிளவர் ஒரு பங்கு. கையில் பாத்திரச் சவர்க்காரத் தண்ணீர் பூசிக்கொண்டு, யன்னலைத் திறந்துவைத்து, ரொட்டி மா பதத்துக்குப் பிசையுங்கள். மா குறைந்தால் விரலில் ஒட்டும். கூடினால் வெடித்து உதிரும். பாகத்தில் வாஸ்லீன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பூசி, பிசைந்ததில் பாதி உயரம்வரை அமுக்குங்கள். ஓரத்தில் இரண்டு குழி போடுங்கள், அவைதான் மேலச்சைச் சரியான இடத்தில் இருத்தும். அரை மணியில் இறுகும். மேற்பரப்பு முழுவதும் வாஸ்லீன் பூசி மேல்பாதியை அமுக்குங்கள். இங்கே வாஸ்லீன் மறந்தால் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும், கத்தியால்தான் பிரிக்க வேண்டும்.

அச்சுக்குள் எபொக்சிப் புட்டி. இரண்டு கட்டியிலும் சம அளவு வெட்டி, நிறக் கோடுகள் மறையும்வரை பிசைய வேண்டும். கோடு தெரிந்தால் அந்த இடம் கடைசிவரை மென்மையாகவே கிடக்கும். முதலில் ஒரு பொட்டு எடுத்து அச்சின் ஆழமான மூலைகளில் ஈர்க்கு நுனியால் அழுத்திவிட்டுப் பிறகு மொத்தமாக நிரப்புங்கள். மூலையை விட்டுவிட்டு நிரப்பினால் காற்று அங்கே அடைபட்டுப் பொக்கை விழும். இரண்டு பாதியையும் சேர்த்து இறப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். நகம் பதியும், ஆனால் ஒட்டாது என்ற பதத்தில் பிரித்து ஓரப் பிசிறைக் கத்தியால் வெட்டுங்கள். முழுதாகக் காய்ந்தபின் வெட்டினால் பிசிறோடு விளிம்பும் உடைந்து வரும்.

ரயர் மட்டும் தொலைந்திருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் ஓ-றிங் வாங்கலாம். வெளிவிட்டத்தையும் தடிப்பையும் அளந்துகொண்டு போங்கள். சில்லுக்குள் அச்சாணியைக் கவ்வும் மென்மையான பொலிகப் போயிருந்தால், அச்சாணியில் இறுகும் அளவான மின்வயர் உறையை 2 மி.மீ. வெட்டிச் செருகலாம். வயர் உறையில் உள்ள மென்மையாக்கி நாளடைவில் பொலிஸ்ரைரீனைத் தின்னும். ஆகவே தொடும் இடத்தில் ஒரு பூச்சுப் பெயின்ற் அடித்துவிட்டுச் செருகுங்கள்.

கண்ணாடிப் பாகம் இல்லை

5 மி.மீ. வரையான பக்க யன்னலுக்கு வெள்ளைப் பைண்டர் கம் போதும். ஈர்க்கு நுனியில் எடுத்து, விளிம்பைச் சுற்றிப் பூசி, நடுவுக்கு இழுத்தால் படலம் கட்டும். காயக் காயத் தெளியும். மாரியில் ஒருநாள் முழுவதும் பால் நிறமாகவே கிடக்கும், பொறுக்க வேண்டும்.

இறக்கை நுனி விளக்குக்கு நிறக் கண்ணாடிபோன்ற கைப்பிடியுள்ள பழைய ரூத்பிரஷ் ஒன்று தேவை. துண்டு வெட்டி ஒட்டி, அராவி, பற்பசையால் மினுக்குங்கள். விமானியின் இடது கைப்பக்கம் சிவப்பு, வலது கைப்பக்கம் பச்சை.

விமானியின் கூண்டு தொலைந்தால் சோடாப் போத்தல். பெற் (PET) பிளாஸ்ரிக் போத்தல் சூடுபட்டால் சுருங்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். மரத்திலோ எபொக்சிப் புட்டியிலோ கூண்டின் உருவைச் செதுக்கி, கீழே ஒரு சென்ரிமீற்றர் கூடுதல் உயரம் விட்டு, தடியொன்றில் பொருத்துங்கள். போத்தல் சுவர் ஏறத்தாழ 0.3 மி.மீ. என்பதால் உருவை அந்த அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். வெட்டிய போத்தலுக்குள் உருவை நிறுத்தி, ஹீற் கண்ணை (சூடான காற்று ஊதும் கருவியை) விலக்கிப் பிடித்து, சுற்றிச் சுற்றிச் சூடாக்கினால் போத்தல் உருவைக் கவ்வும். வெள்ளையாகிவிட்டால் சூடு கூடிவிட்டது, அந்தத் துண்டு இனித் தெளியாது. அடியில் சுருக்கம் விழுந்தால் கூடுதல் உயரம் போதவில்லை. உருவில் இருந்த ஒவ்வொரு கீறலும் கண்ணாடியில் தெரியும், ஆகவே 1000 இலக்க மண்கடதாசிவரை தேய்க்க வேண்டும். வேறு கிட்டின் கூண்டை உருவாக வைக்காதீர்கள். பொலிஸ்ரைரீன் அந்தச் சூட்டில் உருகி, இரண்டும் போய்விடும்.

மெல்லிய தகடு, ஆணித் தலை, பொல்ற்

சோடாப் பேணியின் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் அதைவிட மெல்லியது, ஆசனப் பட்டிக்குப் பொருத்தம். கொஞ்சம் தடித்த தகட்டுக்குச் சிம் காட் வரும் பெரிய அட்டை, அது 0.76 மி.மீ.

அறுகோணப் பொல்ற் தலைதான் இதில் அழகான வேலை. ஸ்புரூத் துண்டை அறுகோணமாக அராவி, மேலே சொன்னபடி சூடாக்கி இழுத்தால், மெலிந்தாலும் அறுகோணம் அறுகோணமாகவே இருக்கும். அதைப் புதுப் பிளேட்டால் மெல்லிய வில்லைகளாகச் சீவினால் ஒவ்வொன்றும் ஒரு பொல்ற். வில்லைகளை ஈரமான ஈர்க்கு நுனியால் தொட்டு எடுங்கள், சாமணத்துக்கு அவை அடங்கமாட்டா.

செய்த பாகம் ஒட்டவில்லை, அல்லது ஒட்டிய இடம் வெளுத்துவிட்டது

கிட்டோடு பாவிக்கும் மெல்லிய சீமெந்துக் கம் பொலிஸ்ரைரீனை உருக்கித்தான் ஒட்டுகிறது. யோகட் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 இருந்தால் அது பொலிஸ்ரைரீன், ஒட்டும். 5 இருந்தால் பொலிபுரொப்பிலீன். எதைப் பூசினாலும் உரிந்துவரும், வேறு கப் எடுங்கள். ஊசி, செம்பு, போத்தல் துண்டு, எபொக்சி எல்லாவற்றுக்கும் சுப்பர் குளூ அல்லது இரண்டு ரியூப் எபொக்சி. முட்டுக்கு முட்டு ஒட்டினால் கை பட்டதும் கழரும். 0.4 மி.மீ. துளை போட்டுக் கம்பியைச் செருகி ஒட்டுங்கள்.

சுப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுவது. கடற்கரைப் பக்கத்திலும் கார்த்திகை, மார்கழியிலும் பாகத்தைச் சரிசெய்ய நேரம் தராமல் பிடித்துக்கொள்ளும், ரியூப்பும் சீக்கிரம் கட்டியாகும். சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடிய ஜாம் போத்தலில் வையுங்கள். வெள்ளைப் பூஞ்சணம்போல் படிவது, தேவைக்கு மேல் விட்ட குளூவின் ஆவி. பெயின்ற் அடிக்கும் இடமென்றால் கவலையில்லை. கண்ணாடிக்கு அருகில் மட்டும் அதைப் பாவிக்கக்கூடாது. அங்கே பைண்டர் கம்தான். இடுக்கு நிரப்ப வேண்டுமானால் குளூவின் மேல் அப்பச்சோடா ஒரு சிட்டிகை தூவுங்கள். அந்த நொடியே கல்லாகும், அப்போதே அராவிவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் பக்கத்துப் பிளாஸ்ரிக்தான் தேயும்.

பிறைமர் அடித்ததும் புதுப் பாகம் தனியே தெரிகிறது

மினுக்கம் வேறுபட்டால் மேலே மினுக்கமில்லாத (மற்) வார்னிஷ் ஒரு பூச்சுப் போதும். தடிப்புத் தெரிந்தால் வார்னிஷ் உதவாது. கழற்றி, அளந்து, மறுபடி செய்ய வேண்டும். உலோகத்தில் பெயின்ற் உரிந்தால் எண்ணெய்ப் பசைதான் காரணம். சவர்க்காரத்தால் கழுவிக் காயவைத்து, பிறைமரை இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள்.

தொலைந்த பாகம், இதெல்லாம் முடிந்த அடுத்த வாரம் அலுமாரிக்கு அடியிலிருந்து வரும். அதை எறியாமல் கிட் பெயரையும் ஸ்கேலையும் எழுதிய நெருப்புப்பெட்டியில் போடுங்கள். அடுத்த தடவை அச்செடுக்க ஒரு சோடி இருக்கும்.